கோத்தகிரி ரோட்டில் பழகியவர்கள் கிரேட் ஓஷன் ரோட்டை ஒரே நாளில் முடிக்கலாமா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரியிலிருந்து மூன்று பேர் டிசம்பர் தொடக்கத்தில் மெல்போர்ன் போகிறீர்கள். நாலாவது நண்பர் இரண்டு வருடமாக அங்கே படிக்கிறார். வியாழக்கிழமை இறங்கி, சனிக்கிழமை விடியற்காலை வாடகைக் காரில் கிளம்பி, ஆஸ்திரேலியாவின் கடலோரப் பாதையான கிரேட் ஓஷன் ரோட்டில், கடலில் தூண் தூணாக நிற்கும் பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகள் வரை பார்த்துவிட்டு அன்று இரவே திரும்புவதாகத் திட்டம். லைசென்ஸ், குளிர், சாப்பாடு என்று சில கேள்விகள் இருக்கின்றன. கடைசியில் "தினமும் மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுகிற எங்களுக்கு இதெல்லாம் ஒரு ரோடா?" என்று ஒரு வரி. மற்றதெல்லாம் கூகுளில் கிடைக்கும். உண்மையில் நீங்கள் கேட்பது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஓட்ட முடியும், தாராளமாக. ஒரே நாளில் வேண்டாம். இறங்கிய அந்த வாரமே வேண்டவே வேண்டாம்.

நான் குன்னூரில் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டியவன். பிறகு மெல்போர்னில் இருந்த வருடங்களில், சின்ன வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு இந்த ரோட்டுக்குப் போய் வருவதுதான் என் பிழைப்பு. அதனால் ரோடு, நேரம், கடல், நம் ஆட்கள் அங்கே போனால் என்ன செய்வார்கள் என்பதையெல்லாம் கொஞ்சம் உறுதியாகவே பேசுவேன். லைசென்ஸிலும் இன்சூரன்ஸிலும் பொது விதியைச் சொல்கிறேன். நீங்கள் கையெழுத்துப் போடும் வாடகைப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ, அந்த விஷயத்தில் அதுதான் கடைசி வார்த்தை.

ரோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டார்க்கி என்ற ஊரில் தொடங்கி ஆலன்ஸ்ஃபோர்டில் முடிகிறது, ஏறக்குறைய 240 கிலோமீட்டர். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சுமார் 3,000 சிப்பாய்கள் 1919-இல் தொடங்கி 1932 வரை கடப்பாரை, மண்வெட்டி, வெடிமருந்து என்று வைத்துக்கொண்டு பாறையை வெட்டிப் போட்ட பாதை இது. போரில் செத்துப்போன தோழர்களுக்கு நினைவுச் சின்னமாகவே இதைப் போட்டார்கள். 1936-இல் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் வரை சுங்கம் வசூலித்தார்கள். ஈஸ்டர்ன் வியூ என்ற இடத்தில் ரோட்டுக்குக் குறுக்கே மரத்தில் ஒரு நினைவு வளைவு நிற்கும். எல்லோரும் அங்கே இறங்கிப் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுப்பீர்கள். வண்டியைப் பக்கத்திலுள்ள பார்க்கிங்கில் விட்டுவிட்டு எடுங்கள், நடு ரோட்டில் நின்று எடுக்காதீர்கள்.

வளைவுகளைப் பற்றி உங்களுக்குப் பயம் வேண்டாம். ஊட்டியிலிருந்து இறங்கும் கல்லட்டி ரோட்டின் 36 கொண்டை ஊசியில் செகண்ட் கியரில் இறங்கிப் பழகியவனுக்கு இந்த வளைவுகள் பெரிய சோதனை இல்லை. லோர்னிலிருந்து அப்பல்லோ பே வரை ஒரு பக்கம் மலைச்சரிவு, இன்னொரு பக்கம் கடல்; ரோடு நெளிந்து நெளிந்து போகும், ஆனால் ஏற்றம் குறைவு. அப்பல்லோ பே தாண்டியதும் கடலை விட்டுவிட்டு ஆட்வே காட்டுக்குள் ஏறி லாவர்ஸ் ஹில் வரை போகும். கோத்தகிரிக்காரர்களுக்கு வீட்டு ஞாபகம் வரும் பகுதி அதுதான். வாடகைக்குக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் வண்டி. இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு வராமல், லிவரை மேனுவலுக்கோ 'எல்'லுக்கோ மாற்றி இன்ஜினை வைத்தே வேகத்தைப் பிடியுங்கள். அங்கேயும் நம்மைப் போலவே இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருகிறவர்களுக்கு இருக்கும் பெரிய ஆபத்து உங்களுக்கு இல்லை. ஆனால் அவர்கள் எதிரே வருவார்கள். பார்க்கிங்கிலிருந்து வெளியே வரும்போது பழக்க தோஷத்தில் வலது பக்கம் ஏறி வருகிறவர்கள் உண்டு. ரோட்டில் அம்புக்குறி போட்டு "ஆஸ்திரேலியாவில் இடது பக்கம் ஓட்டுங்கள்" என்று பலகை வைத்திருப்பதே அதற்காகத்தான்.

எனக்குக் கவலை வேறு. நம் மலைப்பாதையில் உயிரைக் காப்பாற்றும் பழக்கங்கள் சில அங்கே குற்றம். இங்கே வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்காவிட்டால் எதிரே வருகிற பஸ்காரர் திட்டுவார். அங்கே அவசர எச்சரிக்கைக்குத் தவிர ஹாரனைத் தொடக் கூடாது. அவரவர் தன் கோட்டுக்குள் வருவார் என்ற நம்பிக்கையில்தான் அங்கே போக்குவரத்து ஓடுகிறது. இங்கே கொண்டை ஊசியில் எதிர்ப்பக்கம் வரை அகலமாகப் போய்த் திருப்புவோம். அங்கே நடுவில் இரட்டை வெள்ளைக்கோடு இருந்தால் சக்கரம் அதைத் தாண்டவே கூடாது. இன்னொன்று மிக முக்கியம். முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் "சரி, முந்திப் போ" என்று எடுத்துக்கொள்வது நம் ஊர் வழக்கம். அங்கே வலது இண்டிகேட்டர் என்றால் அவர் வலது பக்கம் திரும்பப் போகிறார், அவ்வளவுதான். நீங்கள் முந்தினால் நேராக அவர் கதவில் போய் மோதுவீர்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டு மெதுவாகப் போகிறீர்கள், பின்னால் நாலைந்து வண்டி சேர்ந்துவிட்டது என்றால், மெதுவாகப் போகும் வண்டி ஒதுங்குவதற்கென்றே அங்கங்கே இடதுபுறம் இடம் விட்டிருப்பார்கள். ஒதுங்கி வழி விடுங்கள். பின்னால் வருகிறவர் வேலைக்குப் போகிற உள்ளூர்க்காரராக இருப்பார். சீசனில் டூரிஸ்ட் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நாம் என்ன பாடு படுகிறோம் என்பது உங்களுக்கே தெரியும்.

இனி நேரக் கணக்கு. மெல்போர்னிலிருந்து டார்க்கி சுமார் 100 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். டார்க்கியிலிருந்து அப்பல்லோ பே 90 கிலோமீட்டர்தான், ஆனால் எங்கும் நிற்காமல் போனாலே இரண்டு மணி நேரம் ஆகும். அங்கிருந்து பன்னிரண்டு அப்போஸ்தலர் 85 கிலோமீட்டர் போல, ஒன்றரை மணி நேரம். திரும்பும்போது உள்நாட்டு வழியில் கோலக், ஜீலாங் என்று வந்தால் 230 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். மொத்தம் 500 கிலோமீட்டர், ஸ்டியரிங் பிடித்த நேரம் மட்டுமே எட்டு மணி நேரத்தைத் தொடும். நாலு பேர், நாலு போன், ஒவ்வொரு வியூ பாயிண்டிலும் இருபது நிமிடம், சாப்பாடு, கழிவறை எல்லாம் சேர்த்தால் பதிமூன்று, பதினாலு மணி நேரம். டூர் பஸ்கள் தினமும் ஒரே நாளில் போய் வருகின்றனவே என்று கேட்பீர்கள். போகின்றன. ஓட்டுகிறவருக்கு அது தொழில், பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் பாதி நேரம் தூக்கம்.

இதில் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத விஷயம் உடம்பின் கடிகாரம். டிசம்பரில் மெல்போர்ன் நம்மை விட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நீங்கள் சாவி போடும்போது உங்கள் உடம்புக்கு இரவு பன்னிரண்டரை. கண் திறந்திருக்கும், மூளை படுத்திருக்கும். ஜீலாங் வரை நெடுஞ்சாலை நேராக, வழுவழுவென்று, பள்ளமில்லாமல், மாடு குறுக்கே வராமல் போகும். தூக்கம் வருவதற்கு இதைவிட வசதியான ரோடு கிடையாது. நம் மலைப்பாதை நம்மைத் தூங்க விடாது; அடுத்த வளைவு எழுப்பிவிடும். கோத்தகிரியில் ஓட்டிய அனுபவம் இந்த ஒரு விஷயத்தில் உங்களுக்குக் கை கொடுக்காது. அதனால்தான் முதல் வாரம் வேண்டாம் என்றேன். முதல் வார இறுதியில் ஊரைச் சுற்றுங்கள், டிராமில் போங்கள், அடுத்த சனிக்கிழமை கிளம்புங்கள்.

இரவுப் பயணத்தை விடச் சொல்வதற்குக் காரணம் கங்காரு. கோத்தகிரி ரோட்டில் குஞ்சப்பனை பக்கம் பலாப்பழ சீசனில் யானை நிற்கும் என்று தெரிந்து நாம் மெதுவாக வருவோம். யானை பெரிது, தூரத்திலேயே தெரியும், வண்டியை நிறுத்திக் காத்திருக்கலாம். கங்காரு அப்படியில்லை. ரோட்டோரப் புல்லில் சும்மா நிற்கும், விளக்கு பட்டதும் எந்தப் பக்கம் தாவும் என்று அதற்கே தெரியாது. பொழுது சாய்கிற நேரமும் விடிகிற நேரமும்தான் அதிகம் நடமாடும். 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதினால் வண்டி அதோடு நின்றுவிடும். குறுக்கே வந்தால் ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். நேராகப் பிடித்துக்கொண்டு பிரேக் அடியுங்கள். விலங்கைத் தவிர்க்கப் போய் மரத்தில் மோதுவதுதான் பெரிய விபத்தாக முடியும். அப்புறம், உள்நாட்டு வழியில் இரவு எட்டு மணிக்கு மேல் சின்ன ஊர்களில் பெரும்பாலும் எல்லாம் மூடியிருக்கும். தூக்கம் வந்தால் நிறுத்தி ஒரு டீ குடிக்கலாம் என்ற நம் வழக்கத்துக்கு அங்கே டீக்கடை இல்லை.

சரி, லைசென்ஸ். நம் தமிழ்நாட்டு அட்டையில் விவரம் ஆங்கிலத்தில் அச்சாகியிருப்பதால், சுற்றுலா விசாவில் போகும் உங்கள் மூன்று பேருக்கும் விக்டோரியா மாநிலச் சட்டப்படி அது செல்லும். ஆனாலும் ஊட்டி ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் பர்மிட் ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். பாஸ்போர்ட், விசா காட்டி, ஆயிரம் ரூபாய் கட்டினால் ஒரு வருடத்துக்குக் கொடுப்பார்கள். வாடகைக் கவுண்ட்டரில் நிற்பவருக்கு நம் அட்டையைப் பார்த்துச் சந்தேகம் வந்தால் அது வாயை அடைக்கும். அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும், பர்மிட் மட்டும் போதாது. கவனிக்க வேண்டியவர் உங்கள் மாணவ நண்பர்தான். தற்காலிக விசாவில் வந்தவர்கள் வெளிநாட்டு லைசென்ஸில் ஆறு மாதம் மட்டுமே அங்கே ஓட்டலாம்; அதற்கு மேல் விக்டோரியா லைசென்ஸ் வேண்டும். இரண்டு வருடமாக இருக்கிறவர் இன்னும் ஊர் லைசென்ஸை வைத்துக்கொண்டு "எனக்கு ரோடு தெரியும், நானே ஓட்டுகிறேன்" என்றால் சாவியைக் கொடுக்காதீர்கள். அங்கே லைசென்ஸ் எடுத்து, புது ஓட்டுநர்கள் வண்டியில் 'பி' தகடு ஒட்டும் கட்டத்தில் இருந்தால் அவருக்கு ஒரு சொட்டு மதுகூட ஆகாது. மற்றவர்களுக்கு ரத்தத்தில் மதுவின் அளவு 0.05-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது விதி. ஓட்டுகிறவன் தொடவே கூடாது என்பது என் விதி.

ஓட்டப்போகிற அத்தனை பேர் பெயரும் வாடகைப் பத்திரத்தில் இருக்க வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டி ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடும். 25 வயதுக்குக் கீழ் என்றால் பெரும்பாலும் கூடுதல் கட்டணம் உண்டு. தார் போடாத மண் ரோட்டில் போனால் பல கம்பெனிகளில் காப்பு கிடையாது. ஆட்வே காட்டில் அருவிக்கு அருவி கூகுள் மேப் மண் ரோட்டைக் காட்டும், ஏமாந்துவிடாதீர்கள். பின் சீட்டிலும் பெல்ட் கட்டாயம். ஓட்டுகிறவர் போனைக் கையில் எடுத்தாலே அபராதம், அதற்கென்றே கேமரா வைத்திருக்கிறார்கள். வேகக் கேமராவிலும் "கொஞ்சம்தானே அதிகம்" என்ற பேச்சு எடுபடாது. அபராதம் வாடகைக் கம்பெனி வழியாக ஊர் வரை தேடி வரும், அவர்கள் தங்கள் கூலியையும் சேர்த்துக்கொள்வார்கள்.

மெல்போர்ன் நகரத்துக்குள் ஓட்டுவதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். நடு ரோட்டில் டிராம் போகும், அது நின்று கதவு திறந்தால் பின்னாலேயே நீங்களும் நிற்க வேண்டும். சில சந்திப்புகளில் வலது பக்கம் திரும்புவதற்கு இடது ஓரத்தில் போய்க் காத்திருந்து, சிக்னல் மாறும்போது திரும்ப வேண்டும். ஊட்டி சேரிங் கிராஸ் ரவுண்டானாவைச் சுற்றிப் பழகிய நமக்கு முதல் நாள் இது தலை சுற்றும். சதர்ன் கிராஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் ஜீலாங். அங்கே வண்டி எடுத்தால் நகரத்துத் தொல்லையும் இல்லை, சுங்கச்சாலைக் கணக்கும் இல்லை. சனிக்கிழமை அலுவலகம் எத்தனை மணிக்குத் திறக்கும், ஞாயிறு மாலை வண்டியை எங்கே விடுவது என்று மட்டும் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

என் கையில் விட்டால் இப்படிப் போவேன். சனிக்கிழமை காலை டார்க்கியில் தொடங்கி மேற்கு நோக்கி. இந்தத் திசையில் போனால் கடல் உங்கள் இடது கைப்பக்கம் இருக்கும். வியூ பாயிண்ட் எல்லாம் இடதுபுறமே வரும், எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்ட வேண்டியதில்லை. ஏரீஸ் இன்லெட் கலங்கரை விளக்கம், நினைவு வளைவு, லோர்னில் மதியச் சாப்பாடு, கென்னட் ரிவரில் ஒரு நடை. அங்கே மரத்தில் கோலா தூங்குவதைப் பார்க்க வாய்ப்பு உண்டு, பார்த்தே தீருவீர்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அப்பல்லோ பேயில் பெட்ரோலை நிரப்பிவிட்டு இரவு அங்கேயே தங்குங்கள். டிசம்பர் அங்கே கோடைக்காலம். கோடையில் வார இறுதிக்குப் பல விடுதிகள் இரண்டு இரவு எடுத்தால்தான் அறை தரும்; அதனால் ரூமை இப்போதே பாருங்கள், டிக்கெட்டை விட இது அவசரம். ஞாயிறு காலை மெயிட்ஸ் ரெஸ்ட் காட்டுப் பாதையில் அரை மணி நேரம் நடந்துவிட்டு, மெல்போர்ன் டூர் பஸ்கள் வந்து சேர்வதற்கு முன்னால் அப்போஸ்தலர் பாறைகளுக்குப் போய்விடலாம். லாக் ஆர்ட் கார்ஜ், லண்டன் பிரிட்ஜ் என்ற பாறை வளைவு எல்லாம் பார்த்து முடித்து இரண்டு மணிக்கு உள்நாட்டு வழியில் திரும்பினால் வெயில் இருக்கும்போதே ஜீலாங். டிசம்பரில் அங்கே சூரியன் மறைய எட்டரை தாண்டும்; அந்த வெளிச்சம் உங்களுக்குப் பெரிய உதவி. கேப் ஆட்வே கலங்கரை விளக்கம் 1848-இல் கட்டியது, அழகானது, ஆனால் மெயின் ரோட்டிலிருந்து ஒதுங்கி உள்ளே போக வேண்டும். ஒரு இரவு மட்டும் தங்கும் பயணத்தில் அதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

அப்போஸ்தலர் பாறைகள் எத்தனை இருக்கும் என்று எண்ணாதீர்கள், பன்னிரண்டு கிடைக்காது. பெயர் வைத்தபோதே பன்னிரண்டு இல்லை. 2005 ஜூலையில் ஒன்று இடிந்து எட்டாகிவிட்டது. அலை அடிக்கும் சுண்ணாம்புப் பாறை, கீழே கரைந்துகொண்டே போகும், ஒரு நாள் மேலே உள்ளது உட்காரும். 1990 ஜனவரியில் லண்டன் பிரிட்ஜின் கரையோர வளைவு விழுந்தபோது இரண்டு பேர் கடல் பக்கத்துப் பாறையில் மாட்டிக்கொண்டு, ஹெலிகாப்டர் வந்துதான் மீட்டது. எந்த விளிம்பு எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேலிக்கு வெளியே நிற்காதீர்கள் என்பது மட்டும் உறுதியாகச் சொல்லக்கூடியது. குன்னூர் டால்பின் நோஸில் கம்பியைத் தாண்டி நின்று செல்ஃபி எடுக்கிற கூட்டத்தை எனக்குத் தெரியும். அதே ஆட்கள்தான் அங்கேயும் வருகிறார்கள்.

இனி கடல். நாம் மலையில் வளர்ந்தவர்கள்; நீச்சல் தெரிந்தவர்கள் குறைவு, தெரிந்தாலும் குளத்திலும் கிணற்றிலும் பழகிய நீச்சல். இந்த ரோட்டில் வளைவை விட ஆபத்தானது கடல்தான், அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். கரையில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் அலை வெள்ளை வெள்ளையாக உடைந்து வரும். நடுவில் ஒரு பட்டை மட்டும் அலை உடையாமல், கொஞ்சம் கருத்து, அமைதியாகத் தெரியும். மேலே நுரையும் மணலும் கடல் பக்கமாக நகர்வது உற்றுப் பார்த்தால் புலப்படும். புதியவர்கள் எல்லோரும் "இங்கேதான் அலை இல்லை, இங்கே இறங்கலாம்" என்று அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். கரையில் வந்து குவிந்த தண்ணீர் முழுவதும் திரும்பக் கடலுக்குப் போகும் வாய்க்கால் அது. முழங்கால் அளவில் நின்றவனை இழுத்துக்கொண்டு போய்விடும். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது. அதில் ஜெயித்தவர் இல்லை, களைத்துப் போய்தான் மூழ்குகிறார்கள். மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கிக் காட்டி, முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடைகிற இடத்துக்கு வர வேண்டும். அந்த அலையே கரைக்குத் தள்ளிவிடும். கூட வந்தவர் குதித்துக் காப்பாற்றப் போவது அடுத்த தவறு; மிதக்கிற எதையாவது எறிந்துவிட்டு 000-க்குப் போன் போடுங்கள்.

தண்ணீரில் இறங்கியே ஆக வேண்டும் என்றால் டார்க்கி, லோர்ன், அப்பல்லோ பே போன்ற ஊர்க் கடற்கரையில், சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும். கோடை வார இறுதிகளில் அங்கே உயிர்காப்பாளர்கள் நிற்பார்கள். கொடி இல்லை என்றால் காலை நனைப்பதோடு சரி. அப்போஸ்தலர் பக்கம் கிப்சன் ஸ்டெப்ஸ் என்று பாறையில் வெட்டிய 86 படி இறங்கினால் கடற்கரை வரும். இறங்குங்கள், அண்ணாந்து பாருங்கள், குளிக்க நினைக்காதீர்கள். கடல் பொங்கும் நாளில் மணலே இருக்காது, அலை பாறை வரை வரும். அந்தக் கடலின் குணம் தெரிய வேண்டுமானால் லாக் ஆர்ட் கார்ஜில் வைத்திருக்கும் பலகையைப் படியுங்கள். 1878-இல் லாக் ஆர்ட் என்ற கப்பல் 54 பேரோடு அங்கே பாறையில் மோதியது. டாம் பியர்ஸ், ஈவா கார்மைக்கேல் என்ற இரண்டு இளவயதுக்காரர்கள் மட்டும் பிழைத்தார்கள்.

குளிர் பற்றிக் கேட்டீர்கள். ஊட்டிக் குளிரில் வளர்ந்தவர்களுக்கு என்ன என்று நினைக்காதீர்கள். தென்கடல் காற்று வேறு மாதிரி. காலையில் 30 டிகிரி, மதியம் காற்று திரும்பினால் 17 என்று ஒரே நாளில் மாறும். ஆளுக்கொரு ஜெர்கின், தொப்பி, சன் ஸ்கிரீன் மூன்றும் வேண்டும். வெயில் உறைக்காது, ஆனால் தோல் உரியும்.

இன்னொரு விஷயம் உங்களுக்குப் பிடிக்கும். ஆட்வே காட்டில் கார் கண்ணாடியை இறக்கினால் நீலகிரித் தைலம் காய்ச்சும் நம் தைலக் கொட்டகை வாசனை வரும். 1840-களில் நீலகிரிக்குக் கொண்டுவந்த கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், அந்தப் பக்கத்து மரம்தான். நாம் சீகை என்று சொல்லும் வாட்டில் மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததுதான். நம் சோலையையும் புல்வெளியையும் விழுங்கிய மரங்கள் தங்கள் சொந்த ஊரில் எவ்வளவு ஒழுங்காக நிற்கின்றன என்று பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது. அந்த மரத்து எண்ணெய் காட்டுத் தீ வேகமாகப் பரவவும் ஒரு காரணம். 2015 கிறிஸ்துமஸ் அன்று வை ரிவர் பகுதியில் 116 வீடுகள் எரிந்தன. டிசம்பர் தீக்காலம். 'விக்எமர்ஜென்சி' என்ற செயலியைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். முழுத் தீத்தடை அறிவித்த நாளில் வெளியே அடுப்பு மூட்டக் கூடாது. நம் ஆட்கள் கரி அடுப்பும் பிரியாணி சட்டியும் தூக்கிக்கொண்டு போவார்கள் என்பதால் சொல்கிறேன். ஆபத்து அளவு உச்சத்தில் இருக்கும் நாள் என்றால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். மழைக்குப் பிறகு நம் குன்னூர் ரோட்டில் பர்லியார் பக்கம் சரிவதைப் போல அங்கேயும் மண் சரிந்து ரோடு மூடுவதுண்டு, கிளம்பும் காலையில் ஒருமுறை பாருங்கள். காட்டுப் பகுதியில் போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். மேப்பை முன்னாலேயே இறக்கி வையுங்கள்.

பெட்ரோல் பங்கில் நாமேதான் போட வேண்டும். மூடியைத் திறந்தால் உள்ளே என்ன எண்ணெய் என்று எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டு எடுங்கள். டீசல் குழாயும் பக்கத்திலேயே தொங்கும். போட்ட பிறகு உள்ளே கடைக்குப் போய் பம்ப் நம்பரைச் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். சாப்பாட்டுக்கு மீனும் உருளை வறுவலும் எங்கும் கிடைக்கும். சைவக்காரர் உங்களில் இருந்தால் புளிசாதம் கட்டிக்கொள்வதுதான் நல்லது.

நண்பருக்கு ஊட்டி வர்க்கியும் டீத்தூளும் எடுத்துப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். விமானத்தில் கொடுக்கும் அட்டையில் உணவுப் பொருள் இருக்கிறது என்று டிக் அடித்துவிட்டு, சோதனையில் நீங்களாகவே எடுத்துக் காட்டுங்கள். பார்த்துவிட்டு விடுவார்கள், இல்லையென்றால் எடுத்துக் குப்பையில் போடுவார்கள், அதோடு முடிந்தது. மறைத்துப் பிடிபட்டால்தான் அபராதம். வீட்டில் கொடுத்தனுப்பும் கறிவேப்பிலை, பழம், விதை எதுவும் பெட்டியில் வேண்டாம்.

தம்பி, ரூம் கிடைத்த ஊரையும் தேதியையும் எழுதுங்கள். போர்ட் கேம்ப்பெல்லில் கிடைத்தால் நான் சொன்ன வரிசை கொஞ்சம் மாறும். அங்கிருந்து அப்போஸ்தலர் பக்கம் என்பதால் சனிக்கிழமை மாலையே போய் அஸ்தமனம் பார்க்கலாம். அதற்கேற்ப லோர்னில் நேரத்தைக் குறைத்துக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.